நீ மேட்டில் ஏறிய அன்று நான் எழுதிக்கொண்டிருந்தேன்

என் அன்பு ஸ்டெல்லா அக்கா,

முதலில் மன்னித்துவிடு, இப்படிக் கடிதம் எழுதுவதற்கு. எதிர்வீட்டில் நீ இருந்தவரை ஒரு துண்டுச் சீட்டுகூட உனக்கு நான் எழுதியதில்லை. தேவையே இருக்கவில்லை. உன் வீட்டு ஜன்னலில் நின்று நீ கூப்பிட்டால் எங்கள் வீட்டு மிக்ஸி சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். நீ படிக்க மாட்டாய் என்று ஆன பிறகு பக்கம் பக்கமாக எழுதுகிறேன். அதுவும் நாலு பேர் படிக்கிற இடத்தில்.

எழுதச் சொன்னது உன் அம்மாதான். அடுத்த மாதம் நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. கோயில் மாத இதழில் உன் போட்டோவோடு நாலு வரி போடலாம் என்று ஃபாதரிடம் பேசியிருக்கிறார். போன வாரம் ஆன்ட்டி எங்கள் வீட்டுக்கு வந்து, நான் ஆபீஸ் பையை இறக்கி வைப்பதற்குள், "நீதான்மா டிகிரி படிச்சவ. கையெழுத்தும் நல்லா இருக்கும். நீயே எழுதிக் குடுத்துடு" என்றார்.

நாலு வரிதான் கேட்டார். மூன்று முறை எழுதினேன். 'அன்பு மகள்', 'சிறந்த வீராங்கனை', 'என்றும் மறவா நினைவுடன்' எல்லாம் போட்டேன். மூன்று முறையும் ஒரு வரி குறைந்தது. அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்ததில்தான் இது இவ்வளவு நீண்டுவிட்டது.

படித்தவள், கையெழுத்து நல்லா இருக்கும். நம்ம பேஸ்பால் டீமுக்கும் என்னை நீ அப்படித்தானே கூட்டிப்போனாய்? "சார், இவ என் தங்கச்சி மாதிரி. பி.காம் படிக்கிறா. ஸ்கோர் புக்கு இவகிட்ட குடுங்க, அச்சடிச்ச மாதிரி எழுதுவா." கோச் சார் என்னைப் பார்த்து, "பேசுவாளா?" என்று கேட்டார். "பேச மாட்டா சார். அதான் நல்லது. தப்பா எழுத மாட்டா" என்றாய். டீமே சிரித்தது. அன்றைக்கே எனக்கு 'சைலண்டு' என்று பேரும் வைத்துவிட்டாய். நம்ம ஏரியா ஜீவனஹள்ளியில் பாதிப் பேருக்கு நித்யா என்றால் தெரியாது, சைலண்டு என்றால் தெரியும்.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கோயில் இதழைப் படிப்பவர்களுக்குப் பேஸ்பால் தெரியாதே. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். மைதானத்தின் நடுவில் சின்ன மண்மேடு இருக்கும். அதன்மேல் நின்று பந்தை எறிகிறவள் பிட்சர். அடிக்கிறவளுக்குப் பின்னால் முகமூடி, மார்க்கவசம், கால் கவசம் எல்லாம் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, க்ளவ் என்கிற தோல் உறையில் பந்தைப் பிடிக்கிறவள் கேட்சர். ஸ்கோர் புத்தகத்தில் பிட்சருக்கு எண் ஒன்று, கேட்சருக்கு எண் இரண்டு. பிட்சர் எறிகிற பந்து அடிக்கிறவளின் முழங்காலிலிருந்து நெஞ்சு வரையுள்ள இடத்துக்குள் போக வேண்டும். நாலு பந்து அதற்கு வெளியே போனால், அடிக்கிறவள் பேட்டைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா நடந்து முதல் பேஸுக்கு, அதாவது ஓடிச் சேர வேண்டிய முதல் இடத்துக்கு, போய்விடலாம். எல்லா பேஸிலும் ஆள் நிற்கும்போது இப்படி ஒருத்தி நடந்தால் எதிரணிக்கு ஒரு ரன். அடிக்கவே வேண்டாம்.

நீ இரண்டாம் எண். எப்போதும் இரண்டாம் எண்.

குந்தி உட்கார்ந்த இடத்திலிருந்து நீ மைதானம் முழுவதையும் திட்டிக்கொண்டே இருப்பாய். "ஏய் மூணாவது பேஸு, மேகத்தை அப்புறம் எண்ணு, பந்தைப் பாரு!" அடிக்க வருகிறவளையும் விட மாட்டாய். "என்னம்மா, இது பேட்டா, பூரிக்கட்டையா?" நம்ம பிட்சர் இரண்டு பந்தை வெளியே போட்டுவிட்டால், எழுந்து போய் அவள் தோளில் தட்டி, "இன்னைக்கு என்ன, முதுகுல பால் கேனோட வந்திருக்கியா? இறக்கி வெச்சிட்டுப் போடு" என்பாய். அவள் சிரித்துவிடுவாள். அடுத்த பந்து சரியாக விழும். நீ திட்டினால் யாருக்கும் வலித்ததில்லை. திட்டாவிட்டால்தான் பயம். என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

என்னை நீ திட்டாமல் விட்ட அந்த நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன். எங்கெங்கோ சுற்றுகிறேன், தெரிகிறது.

அதற்கும் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும். ஒரு அரசு நிறுவனம் தன் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறது, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் தரும், அவர்களுக்குத் தேவை ஒரு கேட்சர் என்று கோச் சார் சொன்ன அன்று, நீ கார்மென்ட்ஸ் வேனிலிருந்து இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாய். தலையில் நூல் தூசி. "சைலண்டு, வயசு வரம்புல எனக்கு இந்த வருஷம்தான் கடைசி. தினம் காலையில எனக்குப் பந்து போடு. பிடிச்சுப் பிடிச்சுப் பழகணும்." எனக்கு எறியத் தெரியாதே என்றேன். "சுவத்துல எறியற மாதிரி எறி. நான் எப்படியோ புடிச்சுக்கறேன்."

ரயில்வே காம்பவுண்டை ஒட்டிய அந்தச் சந்தில்தான் நாலு மாதம் எறிந்தேன். காலை ஐந்தரைக்கு. பால்காரரும் பேப்பர் போடுகிறவரும் தவிர யாரும் வர மாட்டார்கள். முதல் வாரம் நீ குதித்துக் குதித்துத்தான் பிடித்தாய். கை எப்படிப் போக வேண்டும், கால் எங்கே இறங்க வேண்டும் என்று, பிட்சர்களைப் பார்த்துப் பார்த்து உனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிக்கொடுத்தாய். இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் முகமூடியை மேலே தள்ளிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"ஏ சைலண்டு, பத்து பந்தா நான் க்ளவ்வை நகத்தவே இல்லடி."

எனக்குப் புரியவில்லை.

"க்ளவ்வை எங்க வெச்சேனோ அங்கயே வந்து விழுது. நம்ம டீம்ல யாருக்கும் இப்படி வராது. சார்கிட்ட சொல்றேன் இரு."

நான் ஓடிவந்து உன் கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லாதே அக்கா என்றேன். அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன். மேட்டில் ஏறி நிற்பது, எல்லாரும் என்னையே பார்ப்பது, ஆட்டமே என் கையில் இருப்பது. என்னால் முடியாது. என் மேல் சத்தியமாக யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டேன். நீ முகமூடியைக் கழற்றிக் கையில் எடுத்தாய். பிறகு, "சரி. நீ சொல்ற வரைக்கும் நான் சொல்ல மாட்டேன்" என்றாய்.

நீ எவ்வளவு பேசுவாய்! இந்த ஒன்றை மட்டும் எப்படி அக்கா உள்ளேயே வைத்துக்கொண்டாய்?

அந்த அரையிறுதி. கன்டோன்மென்ட் பக்கத்து மைதானம். பட்டியலில் நம் பக்கம் பதினான்கு பேர். ஆள் குறைகிறது என்று பதினான்காவதாக என் பெயரையும் சார் எழுதியிருந்தார். நான் ஆட வேண்டியிருக்காது, ஸ்கோர்தான் எழுத வேண்டும் என்று சொல்லித்தான் எழுதினார். பந்தலில் இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நிறுவனத்திலிருந்து கேட்சர் தேட வந்தவர்கள். நீ என் காதில், "அந்த ரெண்டு கண்ணாடிக்காரங்களைப் பார்த்தியா? இன்னைக்கு இவங்க கண்ணுல படலன்னா, ஆயுசு பூரா காலர் தைக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

நம்மிடம் மூன்று பிட்சர். ஒருத்திக்கு அன்று பரீட்சை. இன்னொருத்தி முந்தின நாள் முழு ஆட்டமும் எறிந்ததால் மறுநாள் எறியக் கூடாது என்று போட்டி விதி. மூன்றாவது பெண்தான் எறிந்துகொண்டிருந்தாள். மூன்றுக்கு ஒன்று என்று நாம் முன்னால் இருந்தோம். அப்போது எதிரணிக்காரி அடித்த பந்து நேராக வந்து அவள் எறிகிற கையில் பட்டது. விரல் நகம் பெயர்ந்து ரத்தம். அவளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனார்கள்.

மேடு காலியாகக் கிடந்தது. சொல்லப்போனால் ஒரு கை மண்தான். ஆனால் அதில் ஏறி நிற்க ஆள் இல்லையென்றால் ஆட்டம் இல்லை.

சார் எல்லாரையும் பெஞ்ச் பக்கம் கூப்பிட்டார். "யாருக்கு எறிய வரும்? பேக ஹேளி, சீக்கிரம் சொல்லுங்க! ஆள் இல்லைன்னா ஆட்டம் அவங்களுக்குப் போயிடும்." கன்னடமும் தமிழும் கலந்துதான் அவருக்குப் பதற்றம் வரும். எல்லாரும் அவரவர் ஷூவைப் பார்த்தார்கள். எனக்குப் பார்க்க ஸ்கோர் புத்தகம் இருந்தது. ஏற்கெனவே எழுதி முடித்த கட்டத்தின் மேலேயே பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நீ தண்ணீர் பாட்டிலை எடுக்கிற மாதிரி வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தாய். முகமூடியைக் கழற்றியிருந்தாய். கன்னத்தில் அதன் பட்டை பதிந்த சிவப்புக் கோடு. யாருக்கும் கேட்காமல் கேட்டாய்:

"சொல்லட்டா?"

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று.

"நித்தி." நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்று ஒரு தடவைதான். "மூணே இன்னிங்ஸு. நான் முன்னாடி உக்காந்திருப்பேன். என் க்ளவ்வை மட்டும் பாரு."

மறுபடியும் தலையை ஆட்டினேன். உன்னைப் பார்க்கக்கூட இல்லை.

"சரி" என்றாய். எழுந்து, சாரைப் பார்த்து, வழக்கமான உன் குரலில், "நான் போடறேன் சார்!" என்றாய்.

சார் பந்தல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ஸ்டெல்லா, அவங்க வந்திருக்கிறது உன்னை கேட்சரா பார்க்க. நீ மேல போனா பின்னாடி யாரு?"

"ரேஷ்மா பிடிப்பா சார். ஆட்டமே இல்லாம போனா மட்டும் என்னைப் பார்க்கப் போறாங்களா?"

ரேஷ்மா அணியிலேயே சின்னவள். உன் மார்க்கவசத்தைக் கட்டியபோது அது அவள் முழங்கால் வரை வந்தது. "யா அல்லா, அக்கா, இதுல நான் காணாமப் போயிடுவேன்" என்றாள். "போயிடு, பந்தை மட்டும் விட்டுட்டுப் போகாதே" என்று அவள் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு நீ மேட்டில் ஏறினாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்கோர் புத்தகத்தில் உன் பெயருக்கு நேரே இருந்த இரண்டை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினேன். அடிக்கோல் வைத்து, நேர்க்கோடாக அடித்தேன்.

உன் கை பலமான கை. ஆனால் அது கேட்சரின் கை. முழங்காலில் இருந்தபடியே இரண்டாம் பேஸுக்குக் குறிவைத்துப் பழகிய கை. மேட்டிலிருந்து எறிந்தபோது பந்து தலைக்கு மேலே போனது. அதைச் சரிசெய்ய எறிந்தபோது மண்ணில் குத்தியது. நல்லதாக வந்த பந்தையும் ரேஷ்மா விட்டுவிட்டு வேலிவரை ஓடினாள். ஒருத்தி நடந்தாள். இன்னொருத்தி நடந்தாள். எதிரணிக்காரிகள் பேட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கோலாட்டம் முடிந்து போகிற மாதிரி ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நடந்தார்கள். நீ இல்லாததால் மைதானத்தில் சத்தமே இல்லை. திட்டுகிறவள் மேட்டில் நின்றாள். அவளைத் தோளில் தட்டிச் சிரிக்க வைக்க யாரும் எழுந்து போகவில்லை.

ஒவ்வொரு நடைக்கும் ஒரு கட்டம். எல்லாவற்றையும் உன் பெயரில் நான்தான் எழுதினேன். ஒன்பது நடை, நடுநடுவே அவர்கள் அடித்து எடுத்த ரன்கள் தனி. ஒரு கட்டத்திலும் மை பரவவில்லை.

பத்து ரன் வித்தியாசம் வந்ததும், போட்டி விதிப்படி, நடுவர் ஆட்டத்தை முடித்துவிட்டார். அதற்கு முன்பே பந்தலில் நாற்காலிகள் காலி. கிளம்பும்போது அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து ஸ்கோர் புத்தகத்தைக் கேட்டார். புரட்டிப் பார்த்தார். "நீட்டா எழுதியிருக்கீங்க" என்றார். நான் தேங்க்ஸ் சொன்னேன், அக்கா. தேங்க்ஸ் சொன்னேன்.

பயம் என்று சொல்லிக்கொண்டே இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். பயம்தான், பொய் இல்லை. ஆனால் அது மட்டும் இல்லை. அந்த வாரம்தான் கல்லூரியில் எனக்கு வேலைக்கான கடிதம் கொடுத்திருந்தார்கள். ஹெப்பாள் பக்கத்துக் கம்பெனி. என் வீட்டில் முதல் டிகிரி, முதல் ஏ.சி. ஆபீஸ். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் மனசின் ஓரத்தில் இது ஓடியது: எனக்கு இங்கே எதுவும் ஆக வேண்டியதில்லை, நான் எதற்கு எல்லார் முன்னாலும் போய் அசிங்கப்பட வேண்டும்? எனக்கு ஆக வேண்டியதில்லை என்பதாலேயே நான் எழுந்திருக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. நான் எறிந்து தோற்றிருந்தால் எனக்குப் போயிருக்கக்கூடியது ஒரு சாயங்காலம். உனக்குப் போனது எவ்வளவு?

திரும்பும்போது பஸ் ஸ்டாப் பக்கத்தில் மசாலா பூரி வாங்கித் தந்தாய். நீதான் வாங்கித் தந்தாய்! தோளைத் தூக்க முடியாமல் இடது கையால் சாப்பிட்டாய். இப்போது கேட்பாய், இப்போது திட்டுவாய் என்று நான் ஒவ்வொரு வாய்க்கும் காத்திருந்தேன்.

"காரம் கம்மிடி இன்னைக்கு" என்றாய். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "என் பேரை அழகா எழுதியிருந்தே புக்குல. 'ஸ்டெ'ல அந்தக் கொம்பு சூப்பர்" என்றாய்.

அதில் குத்தல் இருந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இல்லை. உனக்குக் குத்தலாகப் பேச வராது. அதுதான் தாங்கவில்லை.

வேலை மைசூர்ப் பெண் ஒருத்திக்குப் போனது. "அவ நல்லா பிடிப்பாடி, நான் பார்த்திருக்கேன்" என்றாய். அதற்கப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் என் ஜன்னலைத் தட்டினாய். நான் விழித்துத்தான் இருந்தேன். மூன்று முறையும் போர்வையை இழுத்துக்கொண்டேன். நாலாவது வாரம் நீ தட்டவில்லை. ஸ்கோர் எழுத மட்டும் போய்க்கொண்டிருந்தேன். பந்தை அதற்குப் பிறகு தொடவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உனக்குத் தெரிந்ததுதான். ஆன்ட்டி என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார்: "பிடிக்கிற வேலைதான் இவளுக்குத் தெரியும். அன்னைக்கு என்ன தலைக்கனமோ, நான் எறியறேன்னு தானா போய் நின்னா. கைக்கு வந்த கவர்மென்ட் வேலை போச்சு." நீ பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாய். ஒரு நாள் நான் அங்கே இருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமா மம்மி, தலைக்கனம்தான். விடு" என்றாய்.

கோலார் தங்கவயலை விட்டு வந்த பிறகு உன் அம்மா இரண்டு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக ஓடி உன்னை வளர்த்தவர். உனக்கு அந்த வேலை வந்தால் அவர் ஒன்றையாவது விடலாம் என்று இருந்தார். அவர் கோபப்பட்டதில் தப்பே இல்லை. ஆள்தான் தப்பு.

போன வருஷம் மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் அதோடேயே கார்மென்ட்ஸுக்குப் போனாய். லீவு எடுத்தால் சூப்பர்வைசர் கத்துவார் என்றாய். இரண்டாவது நாள் காலை வேன் நிற்கிற இடத்தில் உன்னைப் பார்த்தேன். காதைச் சுற்றி ஸ்கார்ஃப். "ஒண்ணும் இல்லடி, மாத்திரை போட்டிருக்கேன். நீ போ, உன் ஆபீஸ் கேப் டிரைவர் ஹார்ன் அடிக்கிறான்" என்றாய். நான் போனேன். நாலாவது நாள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு, தாமதமாகிவிட்டது என்றார்கள்.

அந்த வேலையில் இருந்திருந்தால் நீ முதல் நாளே லீவு போட்டிருப்பாயோ? டாக்டரிடம் போயிருப்பாயோ? அப்படியெல்லாம் முடிச்சுப்போடாதே என்று என் ஆபீஸ் தோழி சொல்கிறாள். கொசுவுக்கு எந்த வேலை என்று தெரியுமா என்கிறாள். அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் காலையில் கேப்பில் ஏ.சி. முகத்தில் படும்போதெல்லாம் அந்த ஸ்கார்ஃப் ஞாபகம் வருகிறது.

உன் அடக்கத்தன்று ஆன்ட்டி உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஏண்டி அன்னைக்கு எறியப் போனே" என்று அழுதார். நான் பக்கத்தில் காபி டம்ளர் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அன்றும் பேசவில்லை.

சரி, இப்போதைய செய்திக்கு வருகிறேன். போன வாரம் நாலு வரி கேட்க வந்தபோது ஆன்ட்டி உன் கேட்சர் க்ளவ்வையும் கொண்டுவந்திருந்தார். "வீட்டுல இருந்தா பார்த்துப் பார்த்து அழுவறேன். அவளுக்கு உன்மேலதான் பிரியம் ஜாஸ்தி. நீ வச்சுக்கோ" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதன் நடுவில் தோல் கறுத்துக் குழிந்திருக்கிறதே, பந்து விழுந்து விழுந்து. அதில் பாதிக் குழி நான் போட்டது.

சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். சாரிடம் போய் நின்றேன். "சார், எனக்குப் பந்து போட வரும்" என்றேன்.

"ஏனு? என்ன சொன்னே?" என்றார். அவருக்குக் காதில் விழுந்தது. நான் பேசியதுதான் நம்ப முடியவில்லை. "ரேஷ்மா, இல்லி பா, இங்கே வா! சைலண்டு பேசுது!"

ரேஷ்மாதான் இப்போது நம்ம கேட்சர், அக்கா. வளர்ந்துவிட்டாள். உன் அளவு கத்தவும் செய்கிறாள். உன் க்ளவ்வை அவள் கையில் கொடுத்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் போட்டுக்கொண்டு குந்தினாள். நான் மேட்டில் ஏறினேன். காலை வெயிலில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். க்ளவ்வை மட்டும் பார்த்தேன்.

முதல் நாலைந்து எங்கெங்கோ போயின. அப்புறம் கைக்கு ஞாபகம் வந்தது. பத்து இருக்கும். அவள் க்ளவ் நகரவில்லை.

"அடிப்பாவி அக்கா!" என்று ரேஷ்மா எழுந்து வந்தாள். "இதை இத்தனை நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

சார் சிரிக்கவில்லை. "எப்போ கத்துக்கிட்டே?" என்றார்.

"அந்த அரையிறுதிக்கு முன்னாடியே சார். ஸ்டெல்லா அக்காவுக்கு நான்தான் காலையில எறிவேன்."

"அவளுக்குத் தெரியுமா, நீ போடுவேன்னு?"

"தெரியும் சார். நான்தான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்."

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ரேஷ்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சார் சொன்னார்: "அன்னைக்கு அவ என்கிட்ட வந்து, சார், ஒரே ஒரு நிமிஷம் குடுங்க, நமக்குப் பிட்சர் கிடைப்பான்னா. அம்பயர்கிட்ட நான் ஒரு நிமிஷம் கேட்டு வாங்கினேன். அப்புறம் அவளே வந்து நான் போடறேன்னா. தன்னைத்தான் சொல்லியிருக்கான்னு நினைச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டவில்லை. "அடுத்த மாசம் மேட்ச் இருக்கு. வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்காக நீ ஒரு நிமிஷம் கடன் வாங்கியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் குடிக்கத்தான் வந்தாய் என்று மற்றவர்களைப் போல நானும் என்னை நம்பவைத்திருந்தேன். ஒரு நிமிஷத்தில் நான் செய்ததெல்லாம் இரண்டு முறை தலையை ஆட்டியது.

இன்று சாயங்காலம் ஆன்ட்டி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் எதிர்வீட்டுக்குப் போகிறேன். இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அவருக்குப் படித்துக் காட்டுவேன். அவர் என்ன செய்தாலும் சரி. வெளியே போ என்றால் வந்துவிடுவேன். இதழுக்கு இது வேண்டாம் என்றால் அந்த நாலு வரியைத்தான் கொடுப்பேன். இது அச்சில் வந்திருந்தால், முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சம்மதித்தார் என்று படிப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும். விடுபட்டுக்கொண்டே இருந்த அந்த வரி இதுதான்: ஸ்டெல்லா தலைக்கனத்தால் மேட்டில் ஏறவில்லை. ஏற வேண்டியவள் எழுந்திருக்காததால் ஏறினாள்.

இதோடு உனக்கு ஒரு வாக்கும் தருகிறேன். அடுத்த மாத ஆட்டப் பட்டியலில் ஒன்றாம் எண்ணுக்கு நேரே என் பெயரை என் கையாலேயே எழுதுவேன். ஒன்பது பேர் நடந்தாலும் இறங்க மாட்டேன். அடித்துத் திருத்தவும் மாட்டேன்.

கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டும், வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்பேன் என்று நினைத்திருப்பாய். அது இல்லை. மன்னிப்பை நீ மசாலா பூரித் தட்டிலேயே வைத்துக் கொடுத்துவிட்டாய், அதுதான் இன்னும் இறங்கவில்லை. டீமில் எல்லாரையும் திட்டினாய், அடிக்க வந்தவர்களைக்கூட விடவில்லை. என்னை மட்டும் விட்டுவிட்டாய். ரேஷ்மாவும் திட்டவில்லை, சாரும் திட்டவில்லை. ஆன்ட்டி ஒருவேளை திட்டலாம். ஆனால் அது உன் குரல் ஆகாது.

ஒரே ஒரு தடவை அக்கா. எங்கள் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்த ஜன்னலிலிருந்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, என்னைத் திட்டு.

எதிர்வீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு,
உன் தங்கச்சி,
சைலண்டு நித்யா